கையில் கொடுக்காதே

சுங்கை வே வீட்டிலிருந்து ரவாங் காட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் என் புருஷன் திருவிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். "நான் ஜெஞ்சாரோம் போறேன், அக்கா வீட்டுக்கு. திரும்பி வர மாட்டேன்." இவ்வளவுதான். சொல்ல ஒரு சிவப்பு விளக்கு போதும். நம் ஊரில் சிவப்பு விளக்குக்கா பஞ்சம்? ஒவ்வொன்றிலும் வாயைத் திறந்தேன். ஒவ்வொன்றிலும் அவன் என் பக்கம் திரும்பி, "ஏசி ரொம்ப குளிரா இருக்காம்மா?" என்று கேட்டுக் குறைத்து வைத்தான். அப்படிக் கேட்கிறவனிடம் எந்த வாயால் சொல்வது?

நாங்கள் போனது அவன் காரில். என் கார் வீட்டு வாசலில் நின்றது. அதன் பின்னால் சாமான் வைக்கிற பூட்டில் முந்தின நாளே என் துணிப்பையை வைத்துவிட்டேன். காட்டிலிருந்து திரும்பி, குளித்து, அப்படியே கிளம்பிவிடுவதாகத் திட்டம். அக்கா சீதாலெட்சுமி பின்னறையில் மெத்தை போட்டாகிவிட்டது என்று மெசேஜ் அனுப்பியிருந்தாள். அதை நான் காலையிலிருந்து நான்கைந்து முறை எடுத்துப் பார்த்தாயிற்று. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. காரில் அதற்கும் வழியில்லாமல் சீட் பெல்ட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.

திருச்செல்வம் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். குடிப்பதில்லை, கை ஓங்கியதில்லை. ஊரில் நியாயம் கேட்டால் என்னைத்தான் திட்டுவார்கள். அவன் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறவன். நானும் ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தேன், இப்போது கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. அந்தத் தொழிற்சாலை கேன்டீனில் ஒரு நாற்காலிக்குச் சண்டை போட்டுத்தான் எங்களுக்குப் பழக்கமே. ஆகவே எடுத்த எடுப்பிலேயே வாடா, போடிதான். கல்யாணத்துக்குப் பிறகும் எதற்கெடுத்தாலும் சண்டை. பிரிக்பீல்ட்ஸில் எந்தக் கடைத் தோசை நல்ல தோசை என்று காரை ஓரம் கட்டிச் சண்டை போட்டிருக்கிறோம். நாங்கள் ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி ஆன்டி டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். சீரியலைவிட நாங்கள் சுவாரசியம். கத்தி முடித்துவிட்டு ஒரே தட்டில் சாப்பிடுவோம்.

பிறகு அந்த கிளினிக். பிள்ளைக்காக இரண்டு முறை முயன்றோம், இரண்டு முறையும் நிற்கவில்லை. "இதுக்கு மேல உடம்ப கஷ்டப்படுத்த வேணாம்" என்று டாக்டர் சொன்ன அன்று, திரும்பி வரும்போது திரு ரேடியோவை அணைத்தான். அன்றைக்கு அணைத்தவன்தான். அதற்குப் பிறகு ஒரு வருஷமாக அவன் என்னோடு சண்டை போடவில்லை. 'டி' போய்விட்டது. எல்லாவற்றுக்கும் "சரிம்மா." குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டிப் பார்த்தேன், சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தான். கண்ணாடிச் சாமானைத் தூக்குகிற மாதிரி என்னை வைத்திருந்தான். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

இதில் கத்தி வேறு. கத்தி, உப்பு, மிளகாய் இதெல்லாம் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று நம்மவர்கள் சொல்வது தெரிந்ததுதானே. முன்பெல்லாம் "வந்தா வரட்டும், புதுசா என்ன வரப்போகுது" என்று வேண்டுமென்றே கையில் திணிப்போம். கிளினிக்குக்குப் பிறகு அவன் அதைச் சட்டமாக்கிவிட்டான். நான் கத்தி கேட்டால் மேசைமேல் வைப்பான். வைத்துவிட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வான். நான் எடுக்கும்வரை காத்திருப்பான். போகப் போக என் கையும் பழகிவிட்டது. சண்டையே இல்லாத வீட்டில் சண்டை வராமல் இருக்க நாங்கள் இருவரும் கத்தியை மேசைமேல் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் காட்டுக்குப் போய்விடுவான். ரவாங் தாண்டி ஒரு மலை ஓடை. போகும்போது இரண்டு பொருள் கட்டாயம் இருக்கும். ஒன்று சின்னக் கத்தி, உள்ளங்கை நீளம்கூட இராது. மடக்குகிற கத்தி இல்லை, அலகு கைப்பிடியின் கடைசிவரை ஒரே துண்டாக ஓடி உறுதியாக நிற்கும். "மடக்குற கத்தி அவசரத்துல நம்ம விரலையே வெட்டும், இது மடங்காது" என்பான். கத்தி மடங்காது, அதை வைத்திருக்கிறவன் எதற்கும் மடங்குவான் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். இன்னொன்று நெருப்பு மூட்டுகிற சாமான். விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கம்பி, அதோடு ஒரே கயிற்றில் தொங்கும் சின்ன இரும்புத் தகடு. தகட்டால் கம்பியைச் சீவினால் பொறி பறக்கும். தகட்டின் ஒரு ஓரம் ரம்பம் மாதிரி பல் பல்லாக இருக்கும். நான் அதற்குச் சிக்கிமுக்கி என்று பேர் வைத்திருந்தேன்.

"பத்து காசு லைட்டர் போதாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நனைஞ்சா லைட்டர் பத்தாதும்மா. இது நனைஞ்சாலும் பொறி வரும்."

அன்றும் கத்தியை டிபன் டப்பாவில் கொய்யாப் பழங்களுக்கு நடுவே வைத்திருந்தான். போலீஸ் ரோட் பிளாக்கில் நம் ஆள் ஒருத்தன் இடுப்பில் கத்தியோடு நின்றால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். பழத்தோடு இருந்தால் பழம் வெட்டுகிற கத்தி. எல்லாவற்றுக்கும் முன்யோசனை. காடு எரிந்தால், மழை பிடித்தால், போலீஸ் நிறுத்தினால், எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு வழி இருந்தது.

ஓடைக்கரையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. போன வாரம் யாரோ கூடாரம் போட்டுத் தங்கிய அடையாளம் மட்டும் இருந்தது, கிழிந்த தார்ப்பாய், மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலம். திரு பையை மரத்தில் மாட்டிவிட்டு, ஓடையோரம் ஒரு தட்டைப் பாறையில் சுள்ளி அடுக்கினான். காப்பி போடப் போகிறானாம். நான் கொய்யாவை எடுத்துக்கொண்டு, "கத்தி" என்றேன். பாறைமேல் வைத்தான், கையை இழுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டேன்.

பழத்தை வெட்டினேன். ஒரு துண்டு, இன்னொரு துண்டு.

"திரு, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா."

ஓடைத் தண்ணீர் கண்ணாடியாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். கேட்கத் தயாராக இருந்தான். என்ன சொன்னாலும் "சரிம்மா" என்று சொல்லவும் தயாராக இருந்தான். அதுதான் எனக்குப் பயம். நான் போகிறேன் என்றால் இவன் சரிம்மா என்று சொல்லிவிடுவான்.

"இந்தக் கொய்யா இனிக்கவே இல்ல."

"அடுத்த வாரம் வேற கடையில வாங்குறேன்."

அடுத்த வாரமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுள்ளிதான் பற்றவில்லை. பொறி பறந்ததே தவிர, ஈரச் சுள்ளியிலிருந்து புகைதான் வந்தது. "நீ ட்ரை பண்றியாம்மா?" என்று சிக்கிமுக்கியையும் பாறைமேலேயே வைத்தான். நான் கோபத்தில் நாலு சீவு சீவினேன். பொறி என் விரலில் பட்டதுதான் மிச்சம். அதன் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தேன். அதற்கும் அவன், "சரிம்மா." காய்ந்த சுள்ளி அந்தக் கரையில் கிடைக்கும் என்று ஓடையில் இறங்கினான். தண்ணீர் அவன் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம்தான் இருந்தது.

பாதி வழியில் நின்றுவிட்டான். "கயிறு ஒண்ணு கால்ல மாட்டிக்கிச்சு" என்று சிரித்தான். கூடாரம் போட்டவர்கள் விட்டுப்போன நீல நைலான் கயிறு. பாறை இடுக்கில் போய்ச் சிக்கி, அதன் சுருக்கில் இவன் கணுக்கால் மாட்டியிருக்கிறது. குனிந்து பிரித்துப் பார்த்தான். இழுக்க இழுக்க இறுகியது. "கத்திய கொஞ்சம் கொண்டு வாம்மா. அவசரம் இல்ல, மெதுவா வா, பாறை வழுக்கும்."

கத்தியை எடுத்துக்கொண்டு பாறைக்குப் பாறை தாண்டிப் போனேன். போகும்போதே ஏதோ மாறுவது தெரிந்தது. கண்ணாடியாக இருந்த தண்ணீர் தே தாரிக் டீயின் நிறமாகிவிட்டது. இலையும் சருகும் கூட்டமாக மிதந்து வந்தன. மேலே எங்கேயோ ஒரு சத்தம், பெரிய லோரி தூரத்தில் வருகிற மாதிரி. திரு நிமிர்ந்து மேட்டைப் பார்த்தான். அவன் சிரிப்பு போய்விட்டது.

மலைமேல் பெய்த மழை ஒரே மொத்தமாகத் திரண்டு இறங்குவதை இங்கே கெப்பாலா ஆயர் என்பார்கள், தண்ணீரின் தலை. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரும். நாங்கள் நின்ற இடத்தில் சொட்டு மழை இல்லை.

"மாதவி, சீக்கிரம்."

அவனுக்குப் பக்கத்துப் பாறையில் போய்க் குந்தினேன். தண்ணீர் அதற்குள் அவன் முழங்காலைத் தொட்டுவிட்டது. கத்தியை நீட்டினேன். அவன் கையை நீட்டினான். இரண்டு கைக்கும் நடுவில் ஒரு சாண்தான். அப்போது நாங்கள் செய்த காரியத்தை வேறு எந்த நாட்டுக்காரனும் செய்திருக்க மாட்டான். அவன் கை வீட்டில் செய்கிற மாதிரியே தானாகப் பின்னுக்குப் போயிற்று. என் கை தானாக இறங்கிக் கத்தியைப் பாறைமேல் வைத்தது.

ஈரப் பாறை. சாய்ந்த பாறை. கத்தி ஒரு சுற்றுச் சுற்றி, வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது. கலங்கல் அதை மூடிவிட்டது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"சரி, பரவாயில்லம்மா" என்றான். ஆமாம், அப்படித்தான் சொன்னான். தண்ணீர் தொடைக்கு ஏறுகிறது, கால் கயிற்றில், கத்தி போய்விட்டது, பரவாயில்லையாம். "நீ கரைக்குப் போயிடும்மா. மேல ஏறி நின்னுக்க. நான் எப்படியாச்சும் வந்துடுறேன்."

அந்த 'ம்மா'வை என்னால் தாங்க முடியவில்லை. தண்ணீரில் குதித்தேன்.

"ஏய்!" என்று ஒரு சத்தம் போட்டான். காடே அதிர்ந்தது. "அறிவிருக்கா உனக்கு? என்னடி பண்ற? மேல போடி!"

போடி. ஒரு வருஷம் கழித்து. சொன்னால் நம்ப மாட்டீர்கள், கால் நிற்காத அந்தத் தண்ணீரில் எனக்குத் தெம்பு வந்தது.

"போக முடியாதுடா! என்ன செய்வ?"

"ரெண்டு பேரும் சாவோம்டி லூசு!"

"நீ வாய மூடிக்கிட்டு கயித்த அறு!"

"எதால அறுக்குறது? பல்லாலயா?"

பல் என்றதும்தான் கழுத்தில் தொங்கிய சிக்கிமுக்கி ஞாபகம் வந்தது. கயிற்றைத் தலைவழியாக உருவினேன். தகட்டைப் பிடித்து அவன் கையை இழுத்தேன். அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அழுத்தினேன். விட்டால் மறுபடியும் எதன்மேலாவது வைத்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

"பல்லு இருக்கற பக்கம். அறு!"

மூச்சை இழுத்துக்கொண்டு குனிந்தான். அவன் தலை தண்ணீருக்குள் போயிற்று. நான் ஒரு கையால் பாறையைக் கட்டிக்கொண்டு, மறு கையால் அவன் சட்டையின் பின்கழுத்தைப் பிடித்தேன். ஒரு மரக்கிளை என் முதுகில் இடித்துவிட்டுப் போனது. எழுந்தான், இருமினான், "பாதிதான் அறுந்துச்சு" என்றான். "பேசாத, போ!" என்று நானே அவன் தலையைப் பிடித்து அழுத்தினேன். ரப்பர் மரத்து முனியாண்டியிலிருந்து பத்துமலை முருகன்வரை தெரிந்த சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். இவன் செத்தால் நான் யாரை விட்டுப் போவது என்று அபத்தமாக ஒரு எண்ணம் வந்தது.

திடீரென்று அவன் உடம்பு என்மேல் சாய்ந்தது. கயிறு அறுந்துவிட்டது.

எப்படிக் கரை ஏறினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிடித்தது வேரா, முள்ளா என்று பார்க்கவில்லை. மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது தண்ணீரின் தலை வந்தது. காப்பிச் சட்டி, கொய்யா, நாங்கள் உட்கார்ந்திருந்த தட்டைப் பாறை, எதுவும் இல்லை. பழுப்பாக ஒரு மதில் ஓடிக்கொண்டிருந்தது.

மேட்டிலேயே உட்கார்ந்தோம். அவன் கணுக்காலில் கயிற்றுத் தடம் ரத்தமாக இருந்தது. நான் முதலில் வாயைத் திறப்பதற்குள் அவன் திறந்தான்.

"கத்திய ஏன்டி பாறை மேல வச்ச?"

"நீ ஏன்டா கைய இழுத்த?"

"கையில குடுத்தா..." என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

"சொல்லு. குடுத்தா?"

"சண்டை வரும்."

"வெள்ளத்துல நின்னுக்கிட்டு சண்டைக்கு பயந்தவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்!" என்று கத்தினேன். கத்தின வேகத்தில் மற்றதும் வந்துவிட்டது. சிவப்பு விளக்குகளில் வராதது, கொய்யா வெட்டும்போது வராதது. "நான் இன்னிக்கு ஜெஞ்சாரோம் போறேன். அக்கா வீட்டுக்கு. வர மாட்டேன். அத சொல்லத்தான் உன்கூட இந்த எழவெடுத்த காட்டுக்கு வந்தேன்."

அவன் சட்டை முனையைப் பிழிந்துகொண்டிருந்தான். "தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"நேத்து குடை எடுக்க உன் கார் பூட்ட தொறந்தேன். பை இருந்துச்சு. உன் அம்மா படமும் உள்ள இருந்துச்சு. அத எடுத்துட்டுப் போனா நீ திரும்பறதுக்குப் போகல. வேற எங்க போவ, அக்கா வீட்டுக்குத்தான்."

"பாத்துட்டு என்ன செஞ்ச?"

சட்டையின் மறு முனையைப் பிழிந்தான்.

"பாத்துட்டு என்னடா செஞ்ச?"

"டயருக்கு காத்து அடிச்சேன்" என்றான். "பின்னால ரெண்டும் குறைவா இருந்துச்சு. ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைத் தோட்டத்து லோரி ஓடுற ரோடு, குழியா இருக்கும்லா."

ஈரக் காலணியைக் கழற்றி அவன் தோளில் ஒன்று வைத்தேன். பிறகு இன்னொன்று. காற்று அடித்தானாம். பெண்டாட்டி விட்டுவிட்டுப் போகிறாள், வழியில் பஞ்சராகக் கூடாதாம்.

"போகாதன்னு சொல்ல உனக்கு வாய் இல்லையா?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சொல்லுவேன்?" அவனும் கத்தினான். குரல் உடைந்தது. "ஊசி போட்டது உனக்கு. வலி உனக்கு. ரெண்டு வாட்டியும் நான் வெளிய நாற்காலியிலதான உக்காந்திருந்தேன்? நான் ஏதாச்சும் பேசி நீ அழுதுட்டா? அதான் வாய மூடிக்கிட்டேன்."

"நான் அழணும்டா! நான் அழவே இல்ல. நீ அழ விடவே இல்ல. நீ கத்தினாதான் நான் அழ முடியும். பிள்ளை இல்லன்னா நாம ரெண்டு பேரும் இல்லையா? வாடகைக்கு இருக்கறவங்க மாதிரி ஒருத்தருக்கொருத்தர் மரியாதை குடுத்துக்கிட்டு..."

அதற்கு மேல் பேச வரவில்லை. அழுதேன். நல்ல சத்தமாக, மூக்கு வழிய, அசிங்கமாக அழுதேன். அவனும் அழுதான். ஓடை போட்ட சத்தத்தில் எங்கள் சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது.

திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை. கிளினிக்கில் தொடங்கி, அக்கா போட்டு வைத்த மெத்தை, அவன் அம்மா, என் வேலை, கேன்டீன் நாற்காலி வரைக்கும் போய்விட்டோம். ஒரு வருஷத்து பாக்கி. ஏசியை நான் கூட்டினேன், அவன் குறைத்தான், நான் கூட்டினேன்.

வீட்டு வாசலில் என் கார் நின்றது. பின் டயர் இரண்டும் திண்ணென்று இருந்தன. அவன் என் கார் பூட்டைத் திறந்து பையை வெளியே எடுத்துத் தரையில் வைத்தான். வீட்டுக்குள் கொண்டு போகவில்லை. என்னைப் பார்த்தான். நான் அதைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனேன். பசி உயிர் போனது.

அவன் குளித்துவிட்டு வந்து வெங்காயத்தை எடுத்தான். உரிக்கிறேன் பேர்வழி என்று பாதியைச் சீவிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"விடு, நான் அரியறேன். கத்திய குடு."

வழக்கம்போல மேசைமேல் வைக்கப் போனான். நான் உள்ளங்கையை நீட்டினேன்.

"கையில குடு."

"சண்டை வரும்டி."

"குடு."

கொஞ்சம் தயங்கினான். பிறகு பிடியை என் பக்கம் திருப்பி, என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கினான். ஓடையில் நான் செய்த மாதிரியே. அப்போது மேசைமேல் இருந்த என் போன் அடித்தது. அக்கா. நான் எடுப்பதற்குள் அவன் எடுத்துவிட்டான்.

"அக்கா, திரு பேசறேன். மெத்தைய எடுத்து வச்சிடுங்க." நிறுத்தினான். என்னைப் பார்த்தான். "அவ வர மாட்டா. நான் விட மாட்டேன்."

எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அதைக் காட்டிக்கொண்டால் நான் மாதவி இல்லை.

"யாரக் கேட்டு சொன்ன?" என்று கத்தியை ஆட்டிக்கொண்டு எழுந்தேன். "என்ன விட மாட்டேன்னு சொல்ல நீ யாருடா?"

"உன் புருஷன்டி! போய் வாசல்ல கெடக்கற பைய எடுத்துட்டு வா, மழை வருது!"

"நீதான வெளிய போட்ட? நீ எடு!"

பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது.